இரு சுழலிகளும் ஒரு மலைப்பாதையும்

போடிநாயக்கனூரில் பிறந்து வளர்ந்தவர்கள் மலையைக் காண்பதற்குப் பயணம் போக வேண்டியதில்லை. வாசற்கதவைத் திறந்தால் மேற்கே மலை நிற்கும். கடல்மட்டத்துக்குச் சுமார் 350 மீட்டர் உயரத்தில் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து, 1,300 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருக்கும் போடிமெட்டுக்கு ஒரு சாலை ஏறுகிறது. கொச்சியிலிருந்து வரும் தேசிய நெடுஞ்சாலையின் ஒரு பகுதி அது. அந்த ஏற்றத்தில் 17 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. விடியுமுன் ஏலத்தோட்டத்துக்குக் கூலி வேலை செய்யச் செல்லும் பெண்களையும் ஆண்களையும் நெருக்கி ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் அந்த வளைவுகளில் முனகிக்கொண்டே ஏறுகின்றன. பொழுது சாயும்போது அதே ஜீப்புகள் அவர்களை இறக்கிக் கொண்டு வருகின்றன. அவர்கள் பறித்த ஏலக்காய், மூட்டைகளாக இதே சாலை வழியே ஏல மையத்துக்கு வருகின்றது.

நான் பல ஆண்டுகள் தொழிற்கல்வி நிலையம் ஒன்றில் மோட்டார் யந்திரப் பாடம் கற்பித்தவன். கரும்பலகையில் எழுதிப் புரியாதவற்றை அந்தச் சாலைக்கு அழைத்துச் சென்று புரிய வைத்ததுண்டு. இன்று நான் சொல்லப்போகும் வரலாறும் அந்தச் சாலையில் வைத்துப் பார்த்தால்தான் விளங்கும். இரண்டு டர்போ பொருத்திய வேகக் கார்களின் யந்திரத்தைப் பிரித்து, அவ்விரண்டையும் கழற்றிவிட்டு, ஒரே ஒரு டர்போவை வைத்து எளிதாக்கிக்கொள்ளும் வழக்கம் உலகெங்கும் இருக்கிறது. பணம் படைத்தவர்களின் பொழுதுபோக்கு இது, நமக்கு இதனால் ஆவது என்ன என்று மாணவர்கள் எண்ணலாம். சற்றுப் பொறுத்துக் கேளுங்கள். ஒன்றை எளிதாக்குவதற்கு எவ்வளவு அறிவு வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் கதையை நான் கண்டதில்லை.

முதலில் யந்திரம் எப்படி மூச்சு விடுகிறது என்று பார்ப்போம். ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிவதற்கு ஏறக்குறைய 15 கிராம் காற்று வேண்டும். பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றுவது எளிது. காற்றைக் கூடுதலாகப் புகுத்துவதுதான் கடினம். மலை ஏற ஏறக் காற்று அடர்த்தி குறைகிறது. போடிமெட்டில் காற்று, கடற்கரைக் காற்றைவிடச் சுமார் எட்டில் ஒரு பங்கு மெலிந்தது. ஆகவே சாதாரண யந்திரம், எங்கே அதிக வலிமை தேவையோ அங்கேயே வலிமை குன்றுகிறது. கொண்டை ஊசி வளைவில் வேறொரு சங்கடமும் உண்டு. ஓட்டுநர் வண்டியை நடை வேகத்துக்குக் குறைத்துத் திருப்புகிறார். அப்போது யந்திரத்தின் சுழற்சியும் தாழ்ந்துவிடுகிறது. வளைவைத் தாண்டியவுடன், தாழ்ந்த அந்தச் சுழற்சியிலேயே வண்டி மேட்டை இழுத்தாக வேண்டும். இந்த இரண்டு சங்கடங்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது மெலிந்த காற்று, இரண்டாவது வளைவு. டர்போவின் வரலாறு முழுவதும் இவ்விரண்டுக்கும் இடையேதான் நடக்கிறது.

யந்திரத்தில் எரியும் எண்ணெயின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, சூடான புகையாகக் குழாய் வழியே வெளியேறிவிடுகிறது. வீணாகும் அந்தப் புகையைக் கொண்டு ஒரு சிறு சுழலியைச் சுற்றவைத்து, அதே அச்சின் மறுமுனையில் ஒரு காற்று அமுக்கியைப் பொருத்தி, யந்திரத்துக்குள் காற்றைத் திணிக்கலாமே என்று எண்ணினார் ஸ்விட்சர்லாந்து நாட்டுப் பொறியாளர் ஆல்பிரட் பூக்கி. 1905ஆம் ஆண்டில் அவர் அதற்கு உரிமைக் காப்புப் பெற்றார். நாம் டர்போ என்று சுருக்கமாக அழைக்கும் கருவியின் பிறப்பு அதுதான். ஆனால் அந்நாளில் அத்தனை வெப்பத்தையும் வேகத்தையும் தாங்கும் உலோகம் இல்லை. கருத்து உலோகத்துக்காகக் காத்திருந்தது. 1920களில்தான் பெரிய டீசல் யந்திரங்களில் அது முழு வெற்றி கண்டது. ஜெர்மனியின் பயணிகள் கப்பல்கள் இரண்டில், 1,750 குதிரைத்திறன் தந்த யந்திரங்கள் டர்போவின் துணையால் 2,500 குதிரைத்திறன் தந்தன.

இதற்கிடையில் ஒரு மலை இவ்வரலாற்றில் புகுந்தது. முதல் உலகப் போரின்போது விமானங்கள் உயரப் பறக்கப் பறக்க வலிமை இழந்தன. அமெரிக்கப் பொறியாளர் சான்ஃபோர்டு மாஸ், விமான யந்திரம் ஒன்றில் டர்போவைப் பொருத்திச் சோதிக்க விரும்பினார். வானத்தில் வைத்துச் சோதிப்பது எப்படி? 1918ஆம் ஆண்டில் அவர் அந்த யந்திரத்தை ஒரு வண்டியில் ஏற்றி, கொலராடோ மாநிலத்தில் 14,000 அடிக்கும் மேல் உயர்ந்த பைக்ஸ் சிகரத்தின் உச்சிக்குக் கொண்டு சென்றார். தரைமட்டத்தில் சுமார் 350 குதிரைத்திறன் தந்த அந்த யந்திரம், சிகரத்தில் டர்போ இல்லாமல் 230 குதிரைத்திறனுக்குத் தாழ்ந்தது. டர்போவை இணைத்தவுடன் 356 குதிரைத்திறன் தந்தது. மெலிந்த காற்று என்ற முதல் சங்கடம் மலையுச்சியிலேயே தீர்க்கப்பட்டது என்று சொல்லலாம்.

யந்திரத்தில் ஒன்றைச் சேர்ப்பதும் பிறகு அதை நீக்குவதும் எங்கள் பகுதிக்குப் புதிதல்ல. 1928ஆம் ஆண்டில் மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இரும்புக்காக அந்தத் தண்டவாளம் பெயர்த்தெடுக்கப்பட்டது. 1950களில்தான் மீண்டும் போடப்பட்டது. ரயில் போன அந்த ஆண்டுகளில் பெட்ரோலுக்கும் கடும் பஞ்சம். மதுரையில் டி.வி.சுந்தரம் அய்யங்கார் நிறுவனத்தார் கரிவாயுக் கலன்களைச் செய்து கொடுத்தனர். பேருந்தில் பொருத்திய உருளைக் கலத்தில் அடுப்புக்கரியைப் புகையவிட்டு, அதில் எழும் வாயுவைக் கொண்டு யந்திரத்தை ஓட்டினார்கள். பெட்ரோல் இல்லாத நாளில் அது பெரும் உபகாரம். ஆனால் கரிவாயுவில் யந்திரத்தின் வலிமை மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்துவிடும். சாம்பலை அள்ள வேண்டும். வடிகட்டியைத் துடைக்க வேண்டும். புறப்படுமுன் நெருப்பை மூட்டிக் காத்திருக்க வேண்டும். பெட்ரோல் மீண்டும் தாராளமாகக் கிடைத்ததும் கலன்கள் கழற்றப்பட்டன. தேவை தோன்றியபோது வந்தது. தேவை தீர்ந்தபோது போனது. அதை நீக்கியவர்கள், அது எதற்காக வந்தது என்பதை நன்கு அறிந்திருந்தார்கள். இந்தக் குறிப்பை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

பொதுமக்கள் வாங்கும் கார்களில் டர்போ முதன்முதலில் வந்தது 1962ஆம் ஆண்டில், அமெரிக்காவில். அவ்வாண்டு வெளிவந்த இரண்டு கார்களுள் ஒன்று ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர். திணிக்கப்பட்ட காற்று மிகச் சூடேறி, எரிபொருள் காலமல்லாக் காலத்தில் வெடித்துவிடாமலிருக்க, தண்ணீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தை யந்திரத்துக்குள் தெளிக்கும் ஏற்பாடு அதில் இருந்தது. திரவம் தீர்ந்துபோனால் டர்போவின் அழுத்தத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் பொறிகளும் இருந்தன. சொந்தக்காரர்கள் பலர் அந்தத் திரவத்தை நிரப்ப மறந்தார்கள். காரில் வலிமை இல்லை என்று குறைகூறினார்கள். முடிவில் அந்த நிறுவனமே, விரும்பியவர்களுக்கு டர்போவைக் கழற்றிவிட்டுச் சாதாரண கார்புரேட்டரைப் பொருத்திக் கொடுத்தது. டர்போ காருக்கு வந்த சில ஆண்டுகளுக்குள்ளேயே, அதை எளிதாக்கும் வேலையும் தொடங்கிவிட்டது என்பதைக் கவனியுங்கள். ஆனால் அங்கே எளிமைக்குக் கொடுத்த விலை, டர்போவையே இழந்ததாகும்.

1970களில் ஐரோப்பிய நிறுவனங்கள் டர்போவை மீண்டும் கையில் எடுத்தன. 1975இல் போர்ஷே நிறுவனத்தின் 911 டர்போவும், அதையடுத்துச் சில ஆண்டுகளில் ஸ்வீடனின் சாப் 99 டர்போவும் வந்தன. அப்போதுதான் நம் இரண்டாவது சங்கடம் தலைகாட்டியது. அதுதான் வளைவு.

கோயில் தேரோட்டத்தை எண்ணிப் பாருங்கள். பெருந்தேரை நிலையிலிருந்து அசைப்பதற்கு நூற்றுக்கணக்கானோர் வடம் பிடிக்க வேண்டும். கட்டை போட வேண்டும். குரல் கொடுக்க வேண்டும். அசைந்துவிட்டால் பிறகு அதன் ஓட்டமே தனி. சிறு சப்பரமோ நாலு பேர் இழுத்தாலே நகரும். ஆனால் தேர் சுமக்கும் பாரத்தை அது சுமக்காது. டர்போச் சுழலியும் இப்படித்தான். பெரிய சுழலி ஏராளமான காற்றைத் தரும். ஆனால் அது வேகம் பிடிக்க நேரமாகும். ஓட்டுநர் மிதியை அழுத்துகிறார், ஒன்றும் நடப்பதில்லை. ஓரிரு நொடிகள் கழிந்தபின் வலிமை திடீரென்று பாய்ந்து வருகிறது. நேர்ச்சாலையில் இது சிறு எரிச்சல். வளைவில் இது ஆபத்து.

இங்கே ஒரு சிறு கணக்கு. ஒரே வடிவமுள்ள சுழலிகளின் சுழல் நிலைமம், விட்டத்தின் ஐந்தாம் படிக்கு ஏற்ப மாறும். விட்டம் பாதியானால் நிலைமம் 32இல் ஒரு பங்காகிவிடும். ஒரு பெரிய டர்போ செய்யும் வேலையை இரண்டு சிறு டர்போக்களுக்குப் பிரித்துக் கொடுத்தால், காற்றுவழியின் பரப்பு பாதியாக வேண்டும். அதற்கு விட்டம் 10க்கு 7 என்ற அளவுக்குக் குறைந்தால் போதும். அப்படிச் செய்தால், இரண்டு சிறு சுழலிகளின் நிலைமத்தைக் கூட்டினாலும் பெரியதன் நிலைமத்தில் மூன்றில் ஒரு பங்கைச் சற்றுத் தாண்டுமே ஒழிய அதற்குமேல் போகாது. தேருக்குப் பதிலாக இரண்டு சப்பரங்கள்! இரட்டை டர்போ என்பது ஆடம்பரத்துக்காகப் பிறந்ததன்று. இந்தக் கணக்கிலிருந்து பிறந்தது. 1981இல் இத்தாலியின் மசராட்டி நிறுவனம் வெளியிட்ட பைடர்போ என்னும் கார், ஆறு சிலிண்டர்களில் மூன்றுக்கு ஒன்றாக இரண்டு டர்போக்களை வைத்தது.

பின்னர் இன்னும் நுட்பமான ஒரு யோசனை எழுந்தது. இரண்டும் ஒரே சமயத்தில் வேலை செய்வானேன்? யந்திரம் மெதுவாகச் சுழலும்போது புகை முழுவதையும் ஒரே ஒரு சுழலிக்கு ஊட்டினால் அது உடனே விழித்துக்கொள்ளும். வேகம் மிகுந்தபின் இரண்டாவதைத் துணைக்கு அழைக்கலாம். 1986இல் வந்த போர்ஷே 959 இந்த முறையைக் கைக்கொண்டது. 1990களின் தொடக்கத்தில் ஜப்பானின் மாஸ்டா ஆர்எக்ஸ்-7 காரும், 1993இல் டொயோட்டா சூப்ராவும் இதே வழியில் வந்தன. சூப்ராவின் மூன்று லிட்டர் யந்திரத்தில், நிமிடத்துக்குச் சுமார் 4,000 சுற்றுகளை எட்டும் வரை முதல் டர்போ மட்டும் உழைத்தது. அதன்பின் இரண்டாவதும் சேர்ந்துகொண்டது. கேட்பதற்கு எவ்வளவு அழகான ஏற்பாடு! ஆனால் அந்தக் கைமாற்றத்தை நடத்துவதற்குப் புகைவழிக் கதவுகளும், காற்றுவழிக் கதவுகளும், அவற்றைத் திறந்து மூடும் பொறிகளும், அப்பொறிகளுக்குக் கட்டளை கொண்டு செல்லும் மெல்லிய ரப்பர்க் குழாய்களும் தேவைப்பட்டன. முக்கியமாக ஆர்எக்ஸ்-7 காரில் அந்தக் குழாய்க் கூட்டத்தைக் கண்ட மெக்கானிக்குகள் அதற்கு எலிக்கூடு என்றே பெயர் வைத்தார்கள். டர்போவின் அருகே புகையின் வெப்பம் 900 பாகையைத் தாண்டும். அத்தகைய அடுப்பின் ஓரத்தில் ரப்பர் எத்தனை ஆண்டு நெகிழ்வாக இருக்கும்?

இங்கேதான் என் பழைய மாணவர் ஒருவர் கதைக்குள் வருகிறார். அவர் துபாயில் மோட்டார்ப் பட்டறை ஒன்றில் பல ஆண்டுகளாக வேலை செய்பவர். விடுமுறையில் ஊருக்கு வந்தபோது என்னைக் காண வந்தார். மேலே ஏலத்தோட்டத்தில் இருக்கும் தம் சித்தப்பாவைப் பார்க்கப் போவதாகச் சொல்லி, என்னையும் உடன் அழைத்தார். இருவரும் ஒரு பழைய ஜீப்பில் ஏறினோம். முந்தலைத் தாண்டி ஏற்றம் தொடங்கியதும், "ஐயா, உங்களிடம் ஒரு தவற்றைச் சொல்ல வேண்டும், அதற்காகத்தான் உங்களை இந்தச் சாலைக்கு அழைத்து வந்தேன்" என்றார்.

அவர் சொன்னது இது. இருபது ஆண்டுகளுக்கு மேலான ஜப்பானியக் கார் ஒன்று அவரிடம் வந்தது. இரண்டு டர்போ உள்ள வண்டி. பாலைவன வெப்பத்தில் ரப்பர்க் குழாய்கள் இறுகி வெடித்திருந்தன. முதல் டர்போ வேலை செய்தது; இரண்டாவது வருவதும் வராததும் அதன் விருப்பமாக இருந்தது. எந்தக் குழாயில் கசிவு என்று தேடியே நாள்கள் கழிந்தன. காரின் சொந்தக்காரர் சலித்துப்போய், எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டு ஒரே டர்போ வைத்துக் கொடுக்கும்படி கேட்டார்.

"கழற்றும்போது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது, ஐயா. கதவுகள், பொறிகள், குழாய்கள் என்று ஒரு கூடை நிறையச் சேர்ந்தது. யந்திரத்தைப் பார்த்தால் துடைத்துவிட்ட வீடு போல இருந்தது. புதிய புகைக்குழாய், ஒரு டர்போ, அதற்கு எண்ணெய் வரும் வழி, போகும் வழி, அழுத்தம் மீறாமல் காக்கும் கதவு ஒன்று. அவ்வளவுதான். ஆனால் ஒன்றாவது பெரிதாக இருக்கட்டும் என்று மிகப் பெரிய டர்போவைத் தேர்ந்தெடுத்தேன். நெடுஞ்சாலையில் ஓட்டிப் பார்த்தபோது பறந்தது."

"பிறகு?" என்றேன்.

"ஒரு வாரம் கழித்து அவர் ராஸ் அல் கைமாவிலுள்ள ஜெபல் ஜைஸ் மலைக்கு ஓட்டிச் சென்றார். நம் மெட்டுச் சாலையைப் போல அங்கும் வளைவுகள். வளைவில் வேகம் குறைந்ததும் டர்போ உறங்கிவிட்டது. வளைவு முடியுமுன் மிதியை அழுத்தியிருக்கிறார், ஒன்றும் வரவில்லை. இன்னும் அழுத்தியிருக்கிறார். சக்கரம் திரும்பிய நிலையில் இருக்கும்போதே வலிமை மொத்தமும் ஒரேயடியாக வந்து விழுந்தது. பின்சக்கரங்கள் வழுக்கி, வண்டி பக்கவாட்டில் திரும்பிச் சாலையோரச் சுவரில் உரசி நின்றது. சுவர் இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும் என்பதை எண்ணி நான் பல இரவு உறங்கவில்லை. உடன் அவர் மகளும் இருந்திருக்கிறாள்."

அவர் அதைச் சொல்லி முடித்தபோது எங்கள் ஜீப் ஒரு வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. எதிரே தோட்ட வேலை முடிந்து இறங்கிவரும் ஜீப் ஒன்று ஒதுங்கி வழிவிட்டது. உள்ளே பெண்கள் தலையில் சும்மாட்டுத் துணியோடு நெருக்கி அமர்ந்திருந்தார்கள். நான் பேசாமல் அந்த ஜீப்பைக் காட்டினேன். அவரும் பேசவில்லை. யந்திரத்தில் ஒரு மெக்கானிக் செய்யும் முடிவு, அதைப் பற்றி எதுவும் அறியாத யாரோ ஒருவருடைய உயிரின்மேல் போய் அமர்கிறது என்பதை, அந்த ஒரு கணம் எங்கள் இருவருக்கும் சொல்லியது.

நான் அவரிடம் ஒரே கேள்வி கேட்டேன். "தம்பி, நீ கழற்றிப் போட்ட கூடையில் இருந்த சாமான்கள் என்ன வேலை செய்துகொண்டிருந்தன என்று எழுதிப் பார்த்தாயா?"

"விபத்துக்குப் பிறகுதான் எழுதினேன், ஐயா" என்றார். அவர் எழுதிய பட்டியல் சிறியது. தாழ்ந்த சுழற்சியில் விரைந்து அழுத்தம் தருவது முதல் வேலை. உயர்ந்த சுழற்சியில் போதிய காற்றுத் தருவது இரண்டாவது வேலை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு அதிர்ச்சி இல்லாமல் கைமாற்றுவது மூன்றாவது வேலை. அவர் பொருத்திய பெரிய டர்போ இரண்டாவது வேலையை மட்டுமே செய்தது. மற்ற இரண்டு வேலைகளையும் யாரிடமும் ஒப்படைக்காமலே, அவற்றைச் செய்துகொண்டிருந்தவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்!

பிறகு அவர் தம் செலவில் அந்த வேலையைத் திருத்தினார். அளவில் சிறிய டர்போ ஒன்றை, புகைவழி இரண்டாகப் பிரிக்கப்பட்ட உறையோடு கூடியதாகத் தேடி எடுத்தார். எரிபொருள் தெளிக்கும் அளவையும் மின்னணுக் கட்டுப்பாட்டையும் அதற்கு ஏற்ப மாற்றி அமைத்தார். உச்ச வலிமை முன்னைவிடக் குறைந்தது. ஆனால் வளைவில் வண்டி சொன்னபடி கேட்டது.

இரண்டாகப் பிரிந்த அந்தப் புகைவழியைப் பற்றிச் சற்று விளக்க வேண்டும். ஆறு சிலிண்டர்கள் வரிசையாக உள்ள யந்திரத்தில் வெடிப்புகள் ஒன்று, ஐந்து, மூன்று, ஆறு, இரண்டு, நான்கு என்ற வரிசையில் நிகழும். முதல் மூன்று சிலிண்டர்களின் புகையை ஒரு வழியிலும், பின் மூன்றின் புகையை மற்றொரு வழியிலும் விட்டால், வெடிப்புகள் மாறி மாறி இரு வழிகளிலும் வரும். ஒரு சிலிண்டரின் புகைத் துடிப்பு அடுத்ததன் துடிப்பைக் கெடுக்காது. ஒவ்வொரு துடிப்பும் முழு விசையோடு சுழலியின்மேல் மோதும். ஆகவே ஒரே சுழலி, இரண்டு சிறு சுழலிகளைப் போல விரைந்து விழித்துக்கொள்கிறது. உரலில் இருவர் மாறி மாறி உலக்கை போடுவதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? இருவரும் முறை தவறாமல் போட்டால் ஒரே உரலில் இருமடங்கு குத்தலாம். ஒரே சமயத்தில் போட்டால் உலக்கைகள் முட்டிக்கொள்ளும்.

வியப்பு என்னவென்றால், இது புதிய கண்டுபிடிப்பு அன்று. சிலிண்டர்களைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்துத் தனித்தனிக் குழாய்களில் புகையைச் சுழலிக்குக் கொண்டு செல்லும் முறையை, 1920களிலேயே அதே ஆல்பிரட் பூக்கி தம் டீசல் யந்திரங்களுக்கு வகுத்திருந்தார். ஏறக்குறைய முக்கால் நூற்றாண்டுக்குப் பின், இரட்டை டர்போவை எளிதாக்க வேண்டியபோது, பொறியாளர்கள் அந்தப் பழைய கருத்துக்கே திரும்பினார்கள்.

கார் செய்யும் நிறுவனங்களே இந்த வழியில் சென்றன என்பதற்கு இரண்டு சான்றுகள் தருகிறேன். டொயோட்டா நிறுவனம் 1990இல் இரண்டரை லிட்டர் யந்திரம் ஒன்றை இரண்டு டர்போக்களுடன் வெளியிட்டது. 1996இல் அதே யந்திரத்தை ஒரே டர்போவுடன் திருத்தி அமைத்தது. வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் ஏற்பாட்டையும் சேர்த்தது. உச்ச வலிமை முன்போலவே 280 குதிரைத்திறன் என்றே அறிவிக்கப்பட்டது. ஆனால் இழுவிசையின் உச்சம், முன்பு நிமிடத்துக்கு 4,800 சுற்றுகளில் கிடைத்தது, இப்போது 2,400 சுற்றுகளிலேயே கிடைத்தது. அதாவது இரண்டை நீக்கி ஒன்றை வைத்தபின், யந்திரம் பாதிச் சுழற்சியிலேயே முழு இழுவையைத் தந்தது. ஜெர்மனியின் பிஎம்டபிள்யூ நிறுவனமும் 2006இல் வெளியிட்ட தன் இரட்டை டர்போ யந்திரத்துக்குப் பதிலாக, 2009இல் பிரிந்த புகைவழியுள்ள ஒற்றை டர்போ யந்திரத்தைக் கொண்டுவந்தது. வலிமையும் இழுவிசையும் குறையவில்லை. இழுவிசையின் உச்சம் 1,300 சுற்றுகளுக்குப் பதிலாக 1,200 சுற்றுகளிலேயே தொடங்கியது.

ஜெட்ஃபயர் காரில் டர்போவைக் கழற்றியதையும் இவற்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே கருவி போனதோடு அது செய்த வேலையும் போயிற்று. இங்கே கருவிகள் குறைந்தன. வேலைகள் அனைத்தும் நின்றன. மூன்று வேலைகளும் வேறு இடங்களுக்குப் பங்கிடப்பட்டன. விழிப்பைப் புகைவழிப் பிரிவு ஏற்றுக்கொண்டது. காற்றின் அளவைச் சிறந்த வடிவுள்ள அமுக்கி ஏற்றுக்கொண்டது. சீரான ஓட்டத்தை வால்வுகளும் மின்னணுக் கட்டுப்பாடும் ஏற்றுக்கொண்டன. இந்த வரலாறு எனக்குக் கற்பித்த பாடம் இதுவே: ஒரு சிக்கலை அவிழ்க்க விரும்புகிறவர், முதலில் அந்த முடிச்சைப் போட்டவர் எதற்காகப் போட்டார் என்பதை அறிய வேண்டும்.

மாணவர்களுக்கு ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டியது என் கடமை. நம் நாட்டில் ஓடும் வண்டியின் அமைப்பை மனம்போல மாற்றுவதற்குச் சட்டம் இடம் தருவதில்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை ஆராய்ந்த உச்ச நீதிமன்றம், தயாரித்தவர் குறிப்பிட்ட அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. யந்திரத்தைப் பட்டறையில் பிரித்துப் பாருங்கள், படித்துப் பாருங்கள், சோதனை மேடையில் ஓட்டிப் பாருங்கள். பிறர் நடமாடும் சாலையில் உங்கள் சோதனையை நடத்தாதீர்கள். எங்கள் ஊரில் 2012 முதல் அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது. அங்கிருந்து நிமிர்ந்து பார்த்தால் தெரியும் இந்த மலையைவிட நல்ல ஆசிரியர் கிடைப்பது அரிது.

அன்று நாங்கள் போடிமெட்டை அடைந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. ஜீப் ஓட்டி வந்த பெரியவரிடம், வண்டிக்கு டர்போ உண்டா என்று என் மாணவர் கேட்டார். இல்லை என்று அவர் தலையசைத்தார். பிறகு, "ஏற்றத்தில் மெதுவாகத்தான் போகும், தம்பி. ஆனால் மிதித்தால் மிதித்த அளவுக்கு வரும். அதற்குமேல் ஒன்றும் எதிர்பாராமல் வராது. பின்னால் பத்துப்பேர் உட்கார்ந்திருக்கும்போது எனக்கு அது போதும்" என்றார்.

என் மாணவர் சிரித்தார். "ஐயா, நான் பெரிய விலை கொடுத்துக் கற்றதை இவர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார்" என்றார். கீழே போடியின் விளக்குகள் ஒவ்வொன்றாக ஏற்றப்படுவது தெரிந்தது. நாங்கள் ஏறிவந்த வளைவுகளில், தோட்டத்திலிருந்து வீடு திரும்புகிறவர்களைச் சுமந்துகொண்டு, கடைசி ஜீப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கிக்கொண்டிருந்தன.